சென்னையில் சட்டக் கல்வி: மாநிலக் கல்லூரி வகுப்பறையிலிருந்து சட்டப் பல்கலைக்கழகம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் பழைய கட்டடத்தை ‘லா காலேஜ்’ என்றுதான் பல தலைமுறையினர் அறிந்திருக்கிறார்கள். இன்று அங்கே வகுப்புகள் நடப்பதில்லை. சட்டம் படிக்க விரும்பும் மாணவர்களும், அங்கே படித்து முடித்து வெகுகாலம் ஆனவர்களும், ஊரின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களும் இந்தக் கல்லூரியைப் பற்றியும் அதிலிருந்து கிளைத்த நிறுவனங்களைப் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

சென்னையில் சட்டக் கல்வி எப்போது தொடங்கியது?

‘சட்டக் கல்வி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கல்லூரி என்ற பெயரோடு தொடங்கியது 1891ஆம் ஆண்டில். ஆனால் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே, 1812இல், ஆங்கிலேய அதிகாரியான எல்லிஸ் துரை முன்நின்று அமைத்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இதன் விதை விழுந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலைக்கு வரும் இளம் ஆங்கிலேயருக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பிப்பதே அந்தக் கல்லூரியின் முதல் வேலை என்றாலும், கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்து, முஸ்லிம் சட்டங்களை எடுத்துச் சொல்லும் அதிகாரிகளையும் வக்கீல்களையும் பயிற்றுவித்துச் சான்று அளிப்பதும் அதன் பொறுப்பில் இருந்தது. இந்துச் சட்ட நூலான மிதாட்சரத்தின் வழக்குப் பகுதியைத் தமிழாக்கும் முயற்சி அந்தச் சூழலில்தான் நடந்தது. சட்டத்தைத் தமிழில் கற்பிக்கலாம் என்ற எண்ணம் நேற்று தோன்றியதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆங்கில முறையிலான சட்ட வகுப்பு 1850களில் மாநிலக் கல்லூரியில் தொடங்கியது. பிற்காலத்தில் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக விளங்கிய ஜான் புரூஸ் நார்ட்டன் அங்கே சாட்சியச் சட்டம் குறித்து ஆற்றிய விரிவுரைகள் நூலாகவும் அச்சாயின. இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது 1872இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த விரிவுரைகளின் அருமை புரியும். சட்டமாகத் தொகுக்கப்படாத விதிகளை, கம்பெனி நீதிமன்றங்களின் நடைமுறையிலிருந்தும் ஆங்கிலத் தீர்ப்புகளிலிருந்தும் திரட்டி, மாணவர்கள் மனத்தில் நிற்கும்படி ஒழுங்குபடுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்துவிட்டது. சட்டக் கல்லூரிக்கு ஏன் 34 ஆண்டுகள் ஆயின?

அன்றைய பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்த சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தொடங்கின. எங்கே படித்தாலும் தேர்வில் தேறினால் பட்டம் உண்டு. மாநிலக் கல்லூரியின் சட்ட வகுப்பே பி.எல். என்ற சட்டப் பட்டத் தேர்வுக்குப் போதும் என்று கருதப்பட்டது.

அக்காலத்தில் பி.எல். பட்டம் பலருக்கு வாழ்க்கையின் தொடக்கத்தில் கிடைத்ததல்ல, நடுவில் எட்டிப் பிடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும், தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவருமான சி.வை. தாமோதரம்பிள்ளை 1871இல் பி.எல். தேறினார், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். அதே 1871இல் பி.எல். தேறிய இன்னொருவர் தி. முத்துசாமி ஐயர். மிகச் சிறிய சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வாழ்க்கையைத் தொடங்கி, கீழமை நீதிபதியான முன்சீப் பதவிக்கு உயர்ந்த பிறகே அவர் இந்தப் பட்டத்தைப் பெற்றார். 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. 1859 முதல் 1872 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நடைமுறை, தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறை, ஒப்பந்தம், சாட்சியம் ஆகிய எல்லாமே தொகுப்புச் சட்டங்களாக வந்துவிட்டன; ஒரு பேராசிரியர் தனியாகக் கற்பித்து முடிக்கும் அளவை அது தாண்டியது. மற்றொன்று உயர் நீதிமன்றம். பிரிட்டிஷ் முடியரசின் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தும் 1862இல் ஒன்றாகி உயர் நீதிமன்றம் உருவானதும், ஒரே நீதிமன்றத்தில் வாதாடத் தகுதி பெற்ற இந்திய வக்கீல்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து மலபார்வரை பரந்த ஒரு மாகாணத்துக்கு ஒரு கல்லூரியின் ஓரத்தில் நடக்கும் வகுப்பு போதுமா என்ற கேள்விக்கு 1891இல் விடை கிடைத்தது.

இந்தியாவின் முதல் சட்டக் கல்லூரி இதுதானா?

இல்லை. மும்பை அரசுச் சட்டக் கல்லூரி 1855இல் தொடங்கியது. திருவனந்தபுரத்தின் சட்டக் கல்லூரியும் 1870களைச் சேர்ந்தது. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பார்த்தால் சென்னைக் கல்லூரியே மூத்தது.

கல்லூரிக் கட்டடம் ஒரு பழைய இடுகாட்டின் மேல் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கோட்டையில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த தோட்டம் அந்த இடத்தில் இருந்தது. கொய்யாத் தோட்டம் என்பது அதன் பழைய பெயர்களில் ஒன்று. 1758–59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகள் முற்றுகையிட்டவர்களுக்கு நல்ல மறைப்பாகப் பயன்பட்டன. முற்றுகை விலகிய பிறகு, இனி எந்தப் பகைவருக்கும் அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று கல்லறைகளை இடித்து, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அந்தத் தேவாலய முற்றத்தில் நடப்பவர்கள் தரையில் பதிக்கப்பட்ட அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இடிக்கப்படாமல் தப்பிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. கூம்பி உயர்ந்து செல்லும் அந்தச் சின்னத்தின் கீழ் கம்பெனி அதிகாரியான ஜோசப் ஹின்மர்ஸும், டேவிட் யேல் என்ற சிறுவனும் அடங்கியிருக்கிறார்கள். ஹின்மர்ஸ் 1680இல் இறந்ததும் அவருடைய மனைவி கேத்தரினை மணந்தவர், பின்னாளில் சென்னையின் ஆளுநரான எலிஹு யேல். அவர்களுக்குப் பிறந்த மகன் டேவிட் சிறு குழந்தையாகவே இறந்தபோது, தாயின் முதல் கணவர் அடங்கிய இடத்திலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள். எலிஹு யேலின் நன்கொடையை நினைவுகூர்ந்தே அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி 1718இல் அவர் பெயரை ஏற்றது. அதுவே யேல் பல்கலைக்கழகம். அதன் சட்டப் பள்ளி உலகெங்கும் பெயர் பெற்றது. அந்தப் பெயருக்கு உரியவரின் மகன் சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியின் நிழலில் உறங்குவது தற்செயல்தான் என்றாலும், இந்தச் செய்தியைக் கேட்ட ஒருவரும் மறப்பதில்லை. தொல்லியல் துறை அந்தக் கல்லறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடத்தை நிறைவு செய்தவரும் அவரே. ஆகவேதான் வளைவுகளும் மாடங்களும் கோபுரங்களும் கொண்ட இந்தோ-சாரசெனிக் பாணியில் இரண்டும் உடன்பிறந்தவை போல நிற்கின்றன.

எஃப்.எல்., பி.எல். என்று பழைய சான்றிதழ்களில் இருக்கிறதே, அவை என்ன? பி.எல்., எல்.எல்.பி. இரண்டும் வேறா?

பழைய முறையில், பி.ஏ. முடித்தவர்கள் சட்டக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தார்கள். முதல் தேர்வுக்கு எஃப்.எல். என்றும், இறுதித் தேர்வுக்கு பி.எல். என்றும் பெயர். சென்னைப் பல்கலைக்கழகம் தன் சட்டப் பட்டத்துக்கு பி.எல். என்று பெயர் வைத்திருந்தது. வேறு பல பல்கலைக்கழகங்கள் எல்.எல்.பி. என்றன. தகுதியில் எந்த வேறுபாடும் இல்லை. வீட்டுச் சுவரில் தாத்தாவின் பெயர்ப்பலகையில் இருக்கும் பி.ஏ., பி.எல். என்பது இந்தப் பழைய மரபே. இன்று தமிழ்நாட்டிலும் எல்.எல்.பி. என்ற பெயரே வழங்கப்படுகிறது.

அங்கே கற்பித்தவர்கள் யார்? பேராசிரியர்களா, வழக்கறிஞர்களா?

இருவரும். ஆனால் கல்லூரியின் குணத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்களே என்று துணிந்து சொல்லலாம். தொடக்க காலத்தில் முதல்வராக இருந்த ரெஜினால்ட் நெல்சன் ஒரு பாரிஸ்டர். அவருக்குப் பின்னும், நீதிமன்றத்தில் தொழில் செய்துகொண்டே பகுதிநேரமாகப் பாடம் நடத்தியவர்கள் பலர். சுவருக்கு அந்தப் பக்கம் நீதிமன்றம், இந்தப் பக்கம் வகுப்பறை. முற்பகலில் ஒரு வழக்கில் வாதாடியவர், கழற்றிய கவுனைக் கையில் தொங்கவிட்டபடி வகுப்புக்கு வந்து, அதே வழக்கில் எழுந்த கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவது இந்த இடத்தில் மட்டுமே சாத்தியமாக இருந்தது. ஒரு மாணவருக்கு வகுப்பு இல்லாத நேரம் என்றால், கோர்ட் ஹாலின் கடைசி வரிசையில் நின்று கேட்கும் நேரம் என்று பொருள்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. நீதிமன்றத்துக்கு ஆள் தயார் செய்யும் பட்டறையாகக் கல்லூரி இருந்ததால், சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படி இருக்கலாம் என்று விசாரிக்கும் ஆராய்ச்சி அங்கே வேரூன்றத் தாமதமாயிற்று. அந்த வேலையைச் செய்ய வேண்டிய பல்கலைக்கழகம் கடற்கரைச் சாலையில் தனியே இருந்தது. கல்லூரி பாரிமுனையில் இருந்தது. சென்னைச் சட்டக் கல்வியின் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான இழுபறியாகவே நான் படிக்கிறேன். ஒவ்வொரு சீர்திருத்தமும் மாணவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை கல்லூரியிலிருந்து எப்படி வேறுபட்டது?

அங்கே நோக்கம் ஆராய்ச்சி. 1951இல் சார்லஸ் ஹென்றி அலெக்சாந்தரோவிச் பன்னாட்டுச் சட்டமும் அரசமைப்புச் சட்டமும் கற்பிக்கும் பேராசிரியராகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். போலந்து மரபைச் சேர்ந்த அவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூல் ஒன்றையும் இங்கிருந்து தொடங்கினார். நாடுகளுக்கு இடையிலான சட்டம் ஐரோப்பாவில் பிறந்து பிறகு மற்றவர்களுக்குப் பரவியது என்பதே அதுவரை பாடப்புத்தகங்கள் சொன்ன கதை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் ஆசிய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் படித்த அலெக்சாந்தரோவிச், அவை சமமான இறையாண்மை கொண்டவர்களிடையே நடந்த ஒப்பந்தங்கள் என்றும், ஆசிய அரசுகளைச் சட்ட உலகுக்கு வெளியே தள்ளியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை என்றும் வாதிட்டார்.

பன்னாட்டுச் சட்டத்தின் வரலாற்றைக் காலனிய ஆதிக்கத்தோடு சேர்த்துப் படிக்கும் இன்றைய அறிஞர்கள் அவரை மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். உடன்படிக்கைகள் கையெழுத்தான அதே கடற்கரையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை எழுப்பியதே அந்தத் துறையின் பெருமை. நீதிமன்றத்திலிருந்து சற்று விலகி நின்றதால்தான் அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெண்கள் எப்போது அனுமதிக்கப்பட்டார்கள்?

படிப்பதைவிடத் தொழில் செய்வதற்கே தடை பெரிதாக இருந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம், பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று ஆக்கிய பிறகுதான், பட்டம் வாங்கி என்ன பயன் என்ற கேள்வி நீங்கியது. அந்தச் சட்டம் வந்த சில ஆண்டுகளுக்குள், 1928இல், பி. ஆனந்தாபாய் சென்னையின் முதல் பெண் சட்டப் பட்டதாரி ஆனார். இன்று சட்டக் கல்லூரி வகுப்பறைகளைப் பார்ப்பவர்களுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் நிலை இவ்வாறு இருந்தது என்பதை நம்புவது கடினம்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கு இந்தக் கல்லூரி எந்த அளவுக்குத் திறந்திருந்தது?

முதல் தலைமுறைகளில் மிகக் குறைவாகவே. பி.ஏ. முடித்த பிறகே சட்டம் என்ற விதியே ஒரு வடிகட்டி. பட்டப்படிப்பு வரை பிள்ளையைப் படிக்க வைத்து, மேலும் சில ஆண்டுகள் சென்னையில் தங்க வைத்து, பிறகு சீனியரிடம் வருமானம் இல்லாத ஜூனியராக விடுவதற்கு வசதியும் வேண்டும், உறவும் வேண்டும். அந்த மதிலைத் தாண்டி வந்தவர்களில் ந. சிவராஜ் முதன்மையானவர். பட்டியல் சாதியினரின் தலைவராகவும் 1945இல் சென்னை மேயராகவும் விளங்கிய அவர், இதே சட்டக் கல்லூரியில் பதின்மூன்று ஆண்டுகள் சட்டம் கற்பித்தார். உள்ளே நுழையவே போராட வேண்டியிருந்த சமூகத்திலிருந்து வந்த ஒருவர் மேடையில் நின்று பாடம் சொன்னார் என்பதை, மாணவர்களின் புள்ளிவிவரங்களைவிட முக்கியமான செய்தியாக நான் கருதுகிறேன். இக்கல்லூரியில் படித்த அ. வரதராஜன் 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி அவரே.

1990இல் கல்லூரிக்கு டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்று பெயர் சூட்டப்பட்டது. இப்போதைய சேர்க்கை, மாநிலத்தின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி நடக்கிறது.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு எப்படி வந்தது?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரத்தை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலுக்குத் தந்தது. 1960களின் பிற்பகுதியில் இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டுகளாக நீண்டது. ஆனாலும், வேறு வேலை கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு, வருகைப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற பெயர் நாடெங்கும் பரவியிருந்தது. அந்தப் பெயர் முழுவதும் நியாயமானதல்ல. முழுவதும் பொய்யும் அல்ல.

பள்ளிப் படிப்பு முடிந்ததுமே மாணவரைச் சட்டத்துக்கு அழைத்துவந்து, வரலாறு, அரசியல், பொருளியல் ஆகியவற்றோடு சேர்த்து ஐந்து ஆண்டுகள் கற்பிக்கலாம் என்று பார் கவுன்சில் 1980களின் தொடக்கத்தில் விதி வகுத்தது. அந்த எண்ணத்துக்கு முழு உருவம் கொடுத்தது பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி. என்.ஆர். மாதவ மேனன் அதன் நிறுவன இயக்குநராக இருந்தார். 1988இல் வகுப்புகள் தொடங்கின. நாள்தோறும் படித்துவர வேண்டிய தீர்ப்புகள், தொடர் மதிப்பீடு, மாதிரி நீதிமன்றம், ஆய்வுக் கட்டுரை என்று வேலையின் கனமே மாறியது. அதன் பிறகு வந்த எந்தச் சட்டப் பள்ளியும் அந்த அளவுகோலிலிருந்து தப்ப முடியவில்லை.

தமிழ்நாட்டில் சட்டத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஏன் தேவைப்பட்டது?

மதுரையில் 1974இலும், 1970களின் இறுதியில் கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும், 1996இல் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றின. சென்னைக்கு வந்து தங்க முடியாத ஆயிரக்கணக்கானோருக்கு இவை கதவைத் திறந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தின் பொதுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அரசு ஒன்று, ஆசிரியர் பணி ஒன்று, பாடத்திட்டமும் தேர்வும் மட்டும் வெவ்வேறு. கலை, அறிவியல் கல்லூரிகளை நூற்றுக்கணக்கில் கவனிக்க வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தன்னிடம் உள்ள ஒரேயொரு சட்டக் கல்லூரி முன்னுரிமை ஆகாது.

இந்த நிலையை மாற்ற, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே 1997இல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அமைந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அதனைத் தொடங்கி வைத்தார். மாநிலத்தின் சட்டக் கல்லூரிகள் அனைத்தும் ஒரே பாடத்திட்டத்தின் கீழும் ஒரே தேர்வின் கீழும் வந்தன. பின்னர் செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், சேலம், தேனி, நாமக்கல், காரைக்குடி எனக் கல்லூரிகள் பெருகின. கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு ஆசிரியர் நியமனமும் நூலகமும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதே எனக்குள்ள கவலை; கட்டடம் எழுவது எளிது, ஒரு நல்ல சட்ட நூலகம் சேர்வதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

சீர்மிகு சட்டப் பள்ளி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி – இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

அரசு சட்டக் கல்லூரிகள் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. கட்டணம் மிகக் குறைவு. சீர்மிகு சட்டப் பள்ளி, அதே பல்கலைக்கழகம் 2002இல் தன் வளாகத்திலேயே தொடங்கி நேரடியாக நடத்தும் பள்ளி. ஹானர்ஸ் பட்டம் தருவது. இவற்றில் ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு முறையில் நடக்கிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த நவலூர்க்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதற்குக் கிளாட் எனப்படும் அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியேதான் செல்ல முடியும்.

எங்கே படித்தாலும் தொழில் செய்யப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

சென்னைக் கல்லூரியை ஏன் பாரிமுனையிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள்?

2008 நவம்பர் 12 அன்று கல்லூரி வளாகத்தில் சாதி அடிப்படையில் பிளவுபட்ட மாணவர்களிடையே கொடிய வன்முறை நிகழ்ந்தது. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே அதிர்ந்தது. அதை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம், கல்லூரியைப் பிரித்து வேறிடங்களுக்கு மாற்றப் பரிந்துரைத்தது. மெட்ரோ ரயில் சுரங்கப் பணி பழைய கட்டடத்தைப் பாதித்ததும் இடையில் ஒரு பிரச்சினையாக எழுந்தது. மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பலமுறை போராடினார்கள். 2018இல் கல்லூரி இரண்டாகி, ஒன்று புதுப்பாக்கத்திலும் மற்றொன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூரிலும் இயங்கத் தொடங்கியது.

புதிய வளாகங்களில் இடமும் காற்றும் வெளிச்சமும் தாராளம். பழைய கட்டடத்தின் நெரிசலை அறிந்தவர்கள் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் மாணவர் இழந்தது ஒரு கட்டடத்தை மட்டும் அல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, வழக்கறிஞர் ஒருவரையும் அறியாமல் வந்த பிள்ளைக்கு, சாலையைக்கூடக் கடக்காமல் உயர் நீதிமன்றத்துக்குள் போய் நிற்க முடிந்தது. ஒரு சீனியரின் சேம்பருக்கு மாலையில் நடந்தே போக முடிந்தது. இப்போது அதற்கு அரை நாள் பயணம் வேண்டும். அந்த அரை நாளை ஒதுக்க வசதி இல்லாதவரே அதிகம் இழக்கிறார். கல்லூரியே பேருந்து ஏற்பாடு செய்து, பாடத்திட்டத்தில் இருக்கும் நீதிமன்ற வருகையை ஆண்டுக்கு ஒரு சடங்காக இல்லாமல் வாரந்தோறும் நடத்தினால் இந்த இழப்பில் பாதியை ஈடுகட்டலாம் என்பது என் கருத்து.

இங்கே படித்த புகழ்பெற்றவர்கள் யார்?

முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இந்தியத் தலைமை நீதிபதிகளாக விளங்கிய பதஞ்சலி சாஸ்திரி, கே. சுப்பா ராவ், ப. சதாசிவம், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் ஆகியோர் அவர்களுள் சிலர்.

சட்டத்தைத் தமிழில் படிக்க முடியுமா?

தேர்வைத் தமிழில் எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். ஆனால் பாடநூல்களும் தீர்ப்புத் தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுதும் இரட்டைச் சுமை மாணவர் தலையில் விழுகிறது. இந்தச் சுமையை இறக்கிவைக்க முயன்ற முன்னோடி மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்த அவர், 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். தமிழ் அறிந்த நீதிபதி முன்பு, தமிழ் பேசும் கட்சிக்காரருக்காக, தமிழ் வக்கீல் ஏன் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று தம் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலும் கேட்டார்.

மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் தமிழ் நடைமுறையில் உள்ளது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் அனுமதிக்க வழி தருகிறது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அந்த அனுமதி கிடைத்திருக்கிறது. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு கருத்துக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் 2012இல் இசையவில்லை. எனவே இன்று சட்டம் படிக்க வருபவர், முன்சீப் கோர்ட்டில் தமிழிலும் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலும் பேசத் தெரிந்தவராக வெளியேற வேண்டும். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு தீர்ப்பையும் வாசித்த கையோடு அதன் சாரத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதிவைக்கும் பழக்கம், இரண்டுக்கும் ஒருசேரப் பயிற்சியாகும்.